அடுப்பை ஆஃப் பண்ணிட்டியா?

என் நிம்மதியைக் கெடுத்தவர்கள் உலகத்தில் நிறையப் பேர் இருக்கிறார்கள். மேலதிகாரிகள், சொந்தக்காரர்கள், மாடி வீட்டில் நாற்காலியை இழுத்து இழுத்துப் போடுகிறவர்கள் என்று பெரிய பட்டியலே இருக்கிறது. ஆனால் தினமும் காலையில் ஒரே நேரத்தில், ஒரே இடத்தில், பஸ்ஸுக்கு டிக்கெட்டும் எடுத்துக்கொண்டு வந்து கெடுப்பவர் ஆஃப் அக்கா ஒருவர்தான். அவர் மட்டும் பிறக்காமல் இருந்திருந்தால் புதுக்கோட்டையில் பாதிப் பேருக்கு ரத்தக்கொதிப்பு வந்திருக்காது. மீதிப் பாதிப் பேருக்கு வீடு இருந்திருக்காது என்பதையும் நியாயமாகச் சொல்லிவிட வேண்டும்.

நாங்கள் நான்கு பேர். புதுக்கோட்டையிலிருந்து அறந்தாங்கி வழியாக ஆவுடையார்கோவில் போகும் ஏழரை மணி பஸ்ஸில், இடது பக்கம் மூன்றாவது சீட்டும் நான்காவது சீட்டும் எங்களுக்குப் பட்டா போட்டுக் கொடுத்த மாதிரி. நான் அங்கே ஓர் அலுவலகத்தில் எழுத்தர். ஸ்டெல்லா கணக்கு டீச்சர். மாலா மருந்துக்கடையில் வேலை பார்க்கிறாள். ஆஃப் அக்கா தையல் டீச்சர். எங்கள் மூன்று பேரைவிடவும் பத்துப் பன்னிரண்டு வயது மூத்தவர். அவருக்கு அழகான ஒரு பெயர் இருக்கிறது. அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் அவரே திரும்பிப் பார்ப்பாரா என்பது சந்தேகம்.

ஒன்றரை மணி நேரப் பயணத்தில் நாங்கள் அரசியல் பேசமாட்டோம், சினிமா பேசமாட்டோம். வீட்டைப் பற்றி மட்டும்தான் பேசுவோம். முதல் நாள் என்ன குழம்பு, யார் வீட்டுக் குழாயில் தண்ணீர் வரவில்லை, யாருடைய நாத்தனார் எத்தனை நாள் தங்கப்போகிறார், எல்லாம் வரும். சந்தேகம் கேட்பது நாங்கள். பதில் சொல்வது அக்கா.

"துவரம்பருப்பு வேகவே மாட்டேங்குதுக்கா. அஞ்சு விசில் விட்டும் கல்லு மாதிரி நிக்கிது."

"போர் தண்ணியில போட்டா எப்படி வேகும்? குடிதண்ணியில போடு. ரெண்டு சொட்டு வெளக்கெண்ணெய் விடு."

"மிக்ஸி ஜாரு சுத்த மாட்டேங்குதுக்கா."

"சுடுதண்ணிய ஊத்தி வச்சிட்டுப் பல்லு வெளக்கப் போ. வந்து பாரு, சுத்தும்."

"எங்க வீட்டுக்காரரு ரெண்டு நாளாப் பேசமாட்டேங்கிறாருக்கா."

"அதுக்கும் சுடுதண்ணிதான்."

இப்படிச் சிரிப்பும் பேச்சுமாக வண்டி போய்க்கொண்டிருக்கும். வல்லத்திராக்கோட்டை வரும். ஊர்ப் பலகை கண்ணில் பட்டதும் அக்கா பேச்சை நிறுத்துவார். மடியில் இருக்கும் பையின் ஜிப்பை இழுத்து மூடுவார். மூக்குக் கண்ணாடியை மேலே தள்ளுவார். எங்களில் ஒருத்தியைப் பார்த்து, சாதாரணமாகச் சாப்பிட்டாயா என்று கேட்கும் குரலில் கேட்பார்.

"ஏண்டி, அடுப்பை ஆஃப் பண்ணிட்டியா?"

அதுவரை நமக்குச் சந்தேகமே இருந்திருக்காது. கேட்டுவிட்டார் அல்லவா, இனி இருக்கும். அடுப்பின் குமிழைத் திருகிய ஞாபகம் வரும். அது இன்றைக்குத் திருகியதா நேற்றுத் திருகியதா என்று தெரியாது. நெற்றி வியர்க்கும். அறந்தாங்கி போய்ச் சேர்வதற்குள் மனசுக்குள் வீடு எரிந்து முடிந்து, நாம் சாம்பலில் நின்றுகொண்டு கல்யாண ஆல்பத்தைத் தேடிக்கொண்டிருப்போம்.

முதல் தடவை என்னிடம் கேட்டபோது நான் இந்த பஸ்ஸுக்குப் புதிது. வல்லத்திராக்கோட்டையிலேயே இறங்கி, ஆட்டோ பிடித்து, வழியெல்லாம் தெரிந்த சாமி தெரியாத சாமி எல்லாவற்றையும் கூப்பிட்டுக்கொண்டே வீட்டுக்கு ஓடினேன். அடுப்பு ஐஸ் மாதிரி இருந்தது. அதன்மேல் ஒரு பல்லி சாவகாசமாக உட்கார்ந்திருந்தது. அரை நாள் லீவு போச்சு. மறுநாள் இந்த அம்மாவை ஒரு பிடி பிடித்துவிடுவது என்று பல்லைக் கடித்துக்கொண்டு பஸ் ஏறினேன். நான் வாயைத் திறப்பதற்குள் அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"ஆஃப் ஆயிருந்துச்சாடி?"

"இருந்துச்சு."

"அப்பாடா. நேத்துப் பூரா எனக்குச் சோறு எறங்கலடி."

முகத்தைப் பார்த்தேன். பொய்யில்லை, நிஜமாகவே வாடிப்போயிருந்தது. இப்படிப்பட்ட ஆளோடு எப்படிச் சண்டை போடுவது? அன்றிலிருந்து அவர் எனக்கும் ஆஃப் அக்கா ஆனார்.

பஸ்ஸோடு விட்டாலும் பரவாயில்லை. மாலாவின் அக்கா மகளுக்குத் திருமயத்தில் கல்யாணம் நடந்தது. நாங்களும் போயிருந்தோம். ஐயர் தாலியை எடுத்துக் கொடுக்கும் நேரம். பெண்ணின் அம்மா கண்கலங்கி, கையில் அட்சதையோடு நிற்கிறார். ஆஃப் அக்கா எப்படித்தான் கூட்டத்தை விலக்கிக்கொண்டு போனாரோ, அந்த அம்மாவின் காதருகே குனிந்துவிட்டார். அவ்வளவுதான். இன்றைக்கும் அந்தக் கல்யாண வீடியோவில் கெட்டிமேளம் கொட்டும்போது பெண்ணின் அம்மாவைக் காணோம். மண்டப வாசலில் குனிந்து செருப்பைத் தேடிக்கொண்டிருக்கிறார். அதைக் கேமராக்காரர் அருமையாகப் படம் பிடித்து வைத்திருக்கிறார்.

எங்கள் பஸ் கண்டக்டரும் தப்பவில்லை. ஒருநாள் சில்லறை கொடுக்கும்போது அவரிடமும் கேட்டுவிட்டார். அன்றிலிருந்து அந்த மனுஷனும் வல்லத்திராக்கோட்டை தாண்டியதும் பெண்டாட்டிக்குப் போன் போடுகிறார். அக்காவிடம் ஒரே ஒரு வேண்டுகோள் மட்டும் வைத்தார். "டிரைவர் அண்ணன்கிட்ட மட்டும் கேட்டுறாதீங்கக்கா. அம்பது உசுரு இருக்கு வண்டியில."

இந்த வியாதிக்கு அக்காவே ஒரு மருந்தையும் கண்டுபிடித்தார். எங்கள் வீட்டு மாற்றுச் சாவியை அக்கம்பக்கத்தில் ஒருவரிடம் கொடுத்துவைக்க வேண்டும். அவருடைய நம்பரை அக்காவின் குட்டி நோட்டில் எழுத வேண்டும். சந்தேகம் வந்தால் பஸ்ஸிலிருந்தே போன் போட்டால், அவர் போய்த் திறந்து பார்த்துச் சொல்லிவிடுவார். இதற்கு 'அடுப்பு டூட்டி' என்று பெயர். என் வீட்டுக்கு அடுப்பு டூட்டி எதிர்வீட்டுக் கோமதி. ஸ்டெல்லாவுக்கு, பட்டாளத்திலிருந்து ஓய்வு பெற்று வந்த மிலிட்டரி மாமா. அவர் "கிச்சன் கிளியர்!" என்றுதான் தகவல் சொல்வார். மாலாவுக்கு, அவள் குடியிருக்கும் மாடிக்குக் கீழே மாவு மில் வைத்திருக்கும் சேகர். அவர் வந்துபோன அடையாளமாக மாடிப்படியெல்லாம் வெள்ளை வெள்ளையாகப் பாதம் பதிந்திருக்கும். இந்த மூன்று பேரும் ஒருவரையொருவர் பார்த்தது கிடையாது. ஆனால் மூன்று பேரும் ஆஃப் அக்கா என்ற பெயரைக் கேட்டாலே பல்லைக் கடிப்பார்கள்.

"உங்க வீட்டுக்கு யாருக்கா டூட்டி?" என்று ஒருநாள் மாலா கேட்டாள்.

"எனக்கெதுக்குடி? நான் என்ன ஒங்கள மாதிரியா?"

அது உண்மைதான். வீட்டை விட்டுக் கிளம்பும் முன் அக்கா அடுப்புக்கு முன்னால் சாமி கும்பிடுகிற மாதிரி நிற்பார். இடது குமிழைத் தொட்டு "ஆஃப்" என்று சத்தமாகச் சொல்வார். வலது குமிழைத் தொட்டு ஒரு "ஆஃப்". குனிந்து சிலிண்டர் ரெகுலேட்டரைத் தொட்டு ஒரு "ஆஃப்". மூன்று ஆஃபும் சொன்ன பிறகுதான் செருப்பில் கால் நுழையும். வாயால் சொன்னதைக் காது கேட்டிருக்கும், அதனால் மறக்காது என்பது அவருடைய சித்தாந்தம்.

இனிமேல் சொல்லப்போவது போன பங்குனியில் நடந்தது.

முந்திரிப்பழக் காலம். என் வீட்டுக்காரர் நாற்பத்தெட்டு வயதில், மறுநாள் ஒரு நிச்சயதார்த்தத்துக்குப் போட வைத்திருந்த வெள்ளைச் சட்டையைப் போட்டுப் பார்க்கிறேன் என்று போட்டுக்கொண்டு, அந்தக் கோலத்திலேயே ஒரு முந்திரிப்பழத்தைக் கடித்து உறிஞ்சியிருக்கிறார். சாறு நெஞ்சில் வழிந்து கறையாகிவிட்டது. எங்கள் பக்கத்து ஆட்களுக்குத் தெரியும், முந்திரிப்பழக் கறை பட்ட துணியைக் கரித்துணியாக்குவதைத் தவிர வேறு வழியில்லை. இருந்தாலும் ஒரு நப்பாசை. நான் பஸ் ஸ்டாண்டில் வண்டிக்குள் ஏறி உட்கார்ந்த பிறகு, அவர் வாளியும் சட்டையுமாக நின்றுகொண்டு, என்ன செய்வது என்று எனக்குப் போன் போட்டார். நான் உடனே ஆஃப் அக்காவுக்குப் போட்டேன். மணி ஏழேகால்.

இருபது நிமிஷத்தில் என் பக்கத்து சீட்டில் வந்து உட்காரப்போகிறவர் அவர். பொறுத்திருக்கலாம். பொறுக்கவில்லை.

"இருடி, தயிருக்குப் பாலு சிம்ல வச்சிருக்கேன். கெளம்பிக்கிட்டு இருக்கேன்," என்றார் அக்கா.

"ஒரே ஒரு நிமிஷம்க்கா. வெள்ளைச் சட்டையில முந்திரிப்பழக் கறை."

அவ்வளவுதான். கறை என்றதும் அக்கா விழித்துக்கொண்டார். எலுமிச்சம்பழம், கல்லுப்பு, புளித்த மோர், வெயிலில் காயப்போடும் பக்குவம் என்று அவர் சொல்லச் சொல்ல, பின்னணியில் எல்லாம் கேட்டது. பீரோ மூடும் சத்தம், சாத்தினால் தானே பூட்டிக்கொள்ளும் வாசல் கதவின் சத்தம், தெருநாய் குரைக்கும் சத்தம், கடைசியில் பஸ் ஹாரன் சத்தம். ஆனால் மூன்று ஆஃப் மட்டும் கேட்கவில்லை. அது கேட்கவில்லை என்பது அப்போது எனக்கு உறைக்கவும் இல்லை.

அக்கா அவருடைய நிறுத்தத்தில் ஏறினார். அடுத்த நிறுத்தத்தில் ஸ்டெல்லாவும் மாலாவும் ஏறினார்கள். ஸ்டெல்லா ஆவூரில் நடந்த ஒரு ஞானஸ்நான விருந்தைப் பற்றிச் சொன்னாள். பிரியாணி குழைந்துபோன கதையைக் கேட்டுச் சிரித்தோம். வல்லத்திராக்கோட்டைப் பலகை வந்தது. அக்கா ஜிப்பை இழுத்தார். கண்ணாடியைத் தள்ளினார்.

"ஏண்டி ஸ்டெல்லா, அடுப்பை ஆ..."

வாய் திறந்தபடி நின்றுவிட்டது.

கேள்வி பாதியில் நின்று நாங்கள் பார்த்ததே இல்லை. அக்காவின் முகத்தில் இருந்த ரத்தமெல்லாம் எங்கேயோ போய்விட்டது. அவருடைய வலது கை மெல்ல எழுந்து, காற்றில் எதையோ திருகிப் பார்த்தது. இன்னொரு தடவை திருகியது. ஞாபகம் வரவில்லை.

"நான் ஆஃப் பண்ணலடி," என்றார்.

"சும்மா வெளாடாதீங்கக்கா," என்று மாலா சிரித்தாள். அக்கா சிரிக்கவில்லை.

"பாலு சிம்ல இருக்கு. பொங்கி வழிஞ்சிருக்கும். தீ அணைஞ்சிருக்கும். கேஸு வந்துக்கிட்டே இருக்கும். அவரு உள்ள தூங்குறாருடி."

அவருடைய வீட்டுக்காரருக்கு ஒரு மில்லில் இரவு வேலை. விடியும் முன்பே வந்து, காதில் பஞ்சை அடைத்துக்கொண்டு, போனை அணைத்து வைத்துவிட்டுப் படுப்பார். இது எங்களுக்குத் தெரியும். தெரியாத ஒன்றை அப்போதுதான் சொன்னார்.

"வாடை வந்தா எந்திரிச்சிருவாருக்கா," என்றாள் ஸ்டெல்லா, சமாதானமாக.

"அவருக்கு வாடை தெரியாதுடி! கொரோனா வந்ததுலருந்து மூக்கு செத்துப்போச்சு. மல்லிகைப் பூவும் ஒண்ணுதான், கருவாடும் ஒண்ணுதான். எட்டரைக்கு எந்திரிச்சு, கண்ணைக்கூட முழிக்காம நேரா அடுப்புக்குப் போயிக் காப்பிக்கு லைட்டரைத் தட்டுவாரு."

என் போனில் மணி எட்டு அடிக்க மூன்று நிமிஷம்.

'இருடி, பாலு சிம்ல வச்சிருக்கேன்' என்று காலையில் கேட்ட குரல் காதுக்குள் திரும்பத் திரும்ப ஓடியது. ஒரே ஒரு நிமிஷம்க்கா என்று சொன்னவள் நான். ஒரு சட்டைக்காக.

"பக்கத்து வீட்டுக்குப் போன் போடுங்கக்கா!"

"இங்கிட்டு வீடு பூட்டிக் கெடக்கு. அங்கிட்டு வீட்டுக்காரங்க என்கூடப் பேசறதில்ல."

"ஏங்க்கா?"

"அவங்க வீட்டுக் கிரகப்பிரவேசத்துல, ஓமம் வளக்குறப்ப கேட்டுட்டேன்."

வேறொரு நாளாக இருந்தால் பஸ்ஸே சிரித்திருக்கும். யாரும் சிரிக்கவில்லை. ஊரெல்லாம் அடுப்பு டூட்டி போட்டவருக்கு ஓர் அடுப்பு டூட்டி கிடையாது. அவருடைய வீட்டுக்கு நாங்கள் யாரும் ஒரு தடவைகூடப் போனதும் கிடையாது. தினமும் ஒன்றரை மணி நேரம் அவருடைய மடியில் எங்கள் வீடுகளை எல்லாம் கொட்டியிருக்கிறோம், அவருடைய வீட்டைப் பற்றி என்றைக்காவது கேட்டோமா என்று அப்போதுதான் நினைத்தேன்.

கண்டக்டர் வந்தார். "வண்டிய நிறுத்தவாக்கா? எதிர்ல வண்டி வந்தா ஏத்தி விடுறேன்."

"எதிர் வண்டி வந்து, நான் போயிச் சேந்து..." அக்காவால் முடிக்க முடியவில்லை.

நான் அவருடைய பையைப் பிடுங்கிக் குட்டி நோட்டை எடுத்தேன். கோமதி, மிலிட்டரி மாமா, மாவு மில் சேகர். எங்கள் மூன்று பேரின் அடுப்பு டூட்டிகளும் புதுக்கோட்டையில்தான் இருக்கிறார்கள். மூன்று போனில் மூன்று பேருக்கு அடித்தோம். "எங்க வீட்டுக்கு இல்ல, ஆஃப் அக்கா வீட்டுக்குப் போங்க" என்று சொன்னபோது மூன்று பேரும் முதலில் நம்பவில்லை.

"ஆஃப் அக்கா வீட்டுலயா? சத்தியமாவா?" என்றார் சேகர். அவருடைய குரலில் துளி சந்தோஷம் இருந்தது. விஷயத்தைச் சொன்னதும் அது போய்விட்டது. மொபெட்டை உதைக்கும் சத்தம் கேட்டது.

அடுத்த சிக்கல், வழி சொல்வது. போனை ஸ்பீக்கரில் போட்டு அக்காவின் முன்னால் நீட்டினேன். கதவு எண்ணைக் கேட்டால் அவருக்கு வரவில்லை. தெருப் பெயர் வரவில்லை. கண் எங்கேயோ நிலைகுத்தி நின்றது.

"தண்ணித் தொட்டிக்குப் பின்னாடி தெரு. முக்குல மூணு பர்னர் அடுப்பு வச்சிருக்காங்கல்ல, அந்த வீட்டைத் தாண்டி வா. அப்புறம் ஒரு வீட்டுல வெளிய விறகடுப்பு கெடக்கும். அதுக்கு அடுத்து கரண்டு அடுப்பு வாங்கியிருக்காங்க. அதுக்கு எதிர்வீடு."

"யக்கா, நான் ரோட்டுல வாரேன், அடுப்படி வழியா வரல!" என்று கத்தினார் சேகர். "கேட்டு என்ன கலரு?"

"பச்சை. பச்சை கேட்டு. வாசல்ல நந்தியாவட்டை."

எட்டு பத்து. முன் சீட்டில் கோழிக்கூண்டோடு உட்கார்ந்திருந்த ஒருவர் கூண்டின்மேல் துண்டைப் போட்டு மூடினார். டிரைவர் பாட்டை நிறுத்திவிட்டார். அக்கா என் மணிக்கட்டைப் பிடித்திருந்த பிடியில் வளையல் வளைந்துபோனது. நான் இழுக்கவில்லை. அதுவாவது வலிக்கட்டும் என்று இருந்தது.

எட்டு பதினேழு. "வந்துட்டேன், பச்சை கேட்டு," என்றார் சேகர். "பெல் அடிக்கிறேன்."

"அடிக்காதே!" அக்கா போட்ட சத்தத்தில் கோழிகள் கூண்டுக்குள் எகிறின. "பெல்லைத் தொடாதே! கரண்டு! பொறி வந்தாப் போச்சு!"

மறுமுனையில் சேகர் விரலை எடுத்துக்கொண்டது எங்களுக்கு மூச்சுச் சத்தத்திலேயே தெரிந்தது. கதவைத் தட்டினார். இடித்தார். உள்ளே பதில் இல்லை. அதற்குள் மிலிட்டரி மாமாவும் வந்து சேர்ந்து கட்டளை போட ஆரம்பித்தார். யாரும் சுவிட்சைத் தொடக் கூடாது, யாரும் பீடி பற்றவைக்கக் கூடாது, தெருவில் நிற்கிறவன் பத்தடி தள்ளி நில்லு. அவருக்குப் பின்னாலேயே வந்த கோமதி கொல்லைப் பக்கமாகச் சுற்றிக்கொண்டு ஓடினாள்.

"அக்கா," என்றாள் கோமதி. "சமையக்கட்டு ஜன்னல்கிட்ட நிக்கிறேன். நல்லா வாடை வருதுக்கா."

பஸ்ஸில் யாரோ "ஆத்தாடி" என்றார்கள். ஸ்டெல்லா ஜெபமாலையை எடுத்துக்கொண்டாள். எட்டு இருபத்தொன்று.

"படுக்கிற ரூமு ஜன்னல் எது?" மிலிட்டரி மாமா கேட்டார்.

"வலது பக்கம். தொறந்துதான் இருக்கும். கம்பி போட்டிருக்கு."

"ஆள் தெரியுறாரு. கூப்பிட்டா அசையல. சேகர், அந்த ஒட்டடைக் கம்பை எடு! உள்ள விடு! குத்து! மெதுவா இல்ல, நல்லாக் குத்து!"

ஒட்டடைக் கம்பு உள்ளே போனது. ஒரு குத்து. இரண்டு குத்து. மூன்றாவது குத்தில் "அய்யய்யோ!" என்று ஓர் அலறல். பாவம், அந்த மனுஷன் கண்ணைத் திறந்ததும் பார்த்தது, தலை முதல் கால் வரை வெள்ளையாக ஓர் உருவம் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்று விலாவில் குத்துவதைத்தான். அது மாவு என்று அவருக்கு எப்படித் தெரியும்? பேய் என்று நினைத்தவன் முதலில் என்ன செய்வான்? லைட்டைப் போடுவான்.

"சுவிட்சுல கை வைக்காதே!" மிலிட்டரி மாமாவின் குரல் பஸ்ஸையே உலுக்கியது. "கையைத் தூக்கு! ரெண்டு கையையும் தூக்கு! அப்படியே நட! கதவைத் திற!"

எல்லையில் யாரையோ பிடித்த மாதிரி, அக்காவின் வீட்டுக்காரர் இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு நடந்து வந்து கதவைத் திறந்திருக்கிறார். கோமதி முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு உள்ளே ஓடினாள். போனில் அவள் காலடிச் சத்தம் மட்டும் கேட்டது. அப்புறம் அதுவும் இல்லை. அக்கா கண்ணை மூடிக்கொண்டார்.

"ஆஃப்," என்றாள் கோமதி.

கொஞ்ச நேரம் கழித்து, இருமிக்கொண்டே, "ரெகுலேட்டரும் ஆஃப்."

கண்டக்டர் எதற்கென்றே தெரியாமல் விசிலை நீளமாக ஊதினார். பஸ் மொத்தமும் மூச்சு விட்டது. கோழிக்கூண்டுக்காரர் துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார். அக்கா மட்டும் அசையவில்லை. கன்னத்தில் வழிவதைத் துடைக்கவும் இல்லை.

அறந்தாங்கி வந்ததும் அவரைத் திரும்பிப் போகும் வண்டியில் ஏற்றிவிட்டோம். ஏறும் முன் ஸ்டெல்லா கேட்டாள். "நீங்க எப்படிக்கா மறந்தீங்க? நீங்களா?"

அக்கா படியில் கால் வைத்தார். "வயசாயிருச்சுல்ல," என்றார்.

ஐம்பத்தோரு வயது. நான் என் பையின் வாரைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அந்த இடத்தில், அந்த நிமிஷம், நான்தான் போன் போட்டேன் என்று சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. நான் கோழை என்று எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது.

இரண்டு நாள் அக்கா வரவில்லை. மூன்றாம் நாள் வந்தார். அவருடைய இடத்தில் உட்கார்ந்தார். வீட்டுக்காரர் நன்றாக இருப்பதாகச் சொன்னார். விலா மட்டும் வலிக்கிறதாம். அவர் வீட்டு அடுப்பு டூட்டிக்கு மிலிட்டரி மாமாவே பெயர் கொடுத்துவிட்டாராம். பருப்பைப் பற்றி மாலா கேட்டதற்கு, "யூடியூப்ல பாருடி" என்றார். வல்லத்திராக்கோட்டைப் பலகை வந்தது, போனது. ஜிப்பை இழுக்கவில்லை. கண்ணாடியைத் தள்ளவில்லை.

கேட்காதபோதுதான் தெரிந்தது, கேட்டாலே தேவலை என்று. மாலா நெளிந்தாள். ஸ்டெல்லாவுக்கு வியர்த்தது. கண்டக்டர்கூட வந்து நின்றுவிட்டுப் போனார்.

"கேளுங்களேன்க்கா," என்றாள் ஸ்டெல்லா.

"எனக்கு என்னடி யோக்கியதை இருக்கு, இன்னொருத்தரைக் கேக்க?"

எனக்கு அதற்கு மேல் தாங்கவில்லை. எல்லோர் முன்னாலும் போட்டு உடைத்தேன்.

"அக்கா, அன்னிக்கு ஏழேகாலுக்குப் போன் போட்டு ஒங்களை மறக்க வச்சது நான். பாலு இருக்கு இருடின்னு சொன்னீங்க. நான்தான் விடல. நான் பேசாம இருந்திருந்தா நீங்க மூணு ஆஃபும் சொல்லிருப்பீங்க. ஒங்க மேல தப்பே இல்லக்கா."

சொல்லி முடித்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டேன். திட்டட்டும், இரண்டு அறைகூடக் கொடுக்கட்டும் என்று இருந்தேன்.

"தெரியும்டி," என்றார் அக்கா.

நிமிர்ந்து பார்த்தேன். "எப்பருந்து?"

"அன்னிக்கே. ஸ்டெல்லாகிட்ட கேக்க வாயைத் தொறந்தேன்ல, அப்பவே."

"அப்புறம் ஏங்க்கா வயசாயிருச்சுன்னு சொன்னீங்க? என்னைய ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்ல?"

அக்கா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"கேட்டிருந்தா, அதுக்கப்புறம் எனக்குப் போன் பண்ணுவியாடி நீ?"

அழுதுவிட்டேன். நாற்பது வயதில், ஓடுகிற பஸ்ஸில், கண்டக்டர் பார்க்க அழுதேன். அக்கா என் முதுகில் ஓர் அடி வைத்தார். பிறகு பையின் ஜிப்பை இழுத்து மூடினார். கண்ணாடியை மேலே தள்ளினார்.

"அதிருக்கட்டும். அடுப்பை ஆஃப் பண்ணிட்டியா?"

நாங்கள் மூன்று பேரும் அவ்வளவு சந்தோஷமாக என்றைக்குமே போனை எடுத்ததில்லை.

இப்போதும் காலை ஏழேகாலுக்கு அவருக்குப் போன் செய்கிறேன். எடுத்ததும், "சொல்லுங்கக்கா" என்பேன். ஆஃப், ஆஃப், ஆஃப் என்று மூன்றும் என் காதில் விழும். அதன் பிறகுதான் சந்தேகம் கேட்பேன். கேட்க ஒன்றுமே இல்லாத நாட்களும் வரத்தான் செய்கின்றன. அன்றைக்கு என் வீட்டுக்காரரின் சட்டை ஒன்றை எடுத்து, அதில் நானே ஒரு கறையைப் போட்டுக்கொண்டு போன் செய்கிறேன்.